வாடிப்போன கினிக்கோழிக் குஞ்சைத் தேற்றுவது எப்படி

"அக்கா, குஞ்சு காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கு, என்ன மருந்து குடுக்கிறது?" என்று கேட்டுத்தான் பெரும்பாலும் போன் வரும். மருந்து கடைசி. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகு தீன். இந்த மூன்றும் சரியாகக் கிடைத்தும் குஞ்சு எழும்பவில்லை என்றால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, குளிர்ந்துபோய்க் கிடக்கிற குஞ்சின் வாயில் கடையில் கொடுத்த அன்டிபயோட்டிக்கைக் கரைத்து ஊற்றுவதால், பிழைத்திருக்க வேண்டிய குஞ்சுகள் நிறையச் செத்துப்போகின்றன. அது எனக்குப் பொறுக்காததால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கினிக்கோழி வளர்ந்த பிறகு இரும்பு மாதிரி. வெயில், மழை, நோய் எதையும் நாட்டுக்கோழியைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் முதல் இரண்டு வாரக் குஞ்சு அப்படியில்லை. 26 முதல் 28 நாள் அடையிருந்து வெளியே வரும்போது அது 30 கிராம்கூட இராது. அந்த உடம்பால் தன் சூட்டைத் தானே காப்பாற்ற முடியாது. நனைந்தால் போச்சு. தாய்க்கோழியோடு விட்டாலும், விடிய ஈரப்புல்லுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிற தாயின் பின்னால் ஓடியே பாதிக் குஞ்சு குளிர்ந்துவிடும். எங்கள் கொழும்புப் பக்கம் மட்டக்குளியிலோ வத்தளையிலோ சின்ன வளவில் வளர்க்கிறவர்கள், குறிப்பாக மழைக்காலத்தில், குஞ்சை எடுத்துப் பெட்டியில் வளர்ப்பதுதான் நல்லது என்பது என் முடிவு.

சரி, காலையில் பெட்டியைத் திறக்கிறீர்கள், ஒரு குஞ்சு மட்டும் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு, இறகைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறது, அல்லது படுத்தே கிடக்கிறது. உடனே கையில் எடுங்கள். அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் சில்லென்று இருந்தால் வேறு எதையும் தேடத் தேவையில்லை, முதல் வேலை சூடு. இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டே மற்ற ஆயத்தங்களைச் செய்யலாம். நனைந்திருந்தால் துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஹெயார் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து, குஞ்சுக்குப் பக்கத்தில் உங்கள் கையையும் வைத்துக்கொண்டு காயவையுங்கள். உங்கள் கைக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

சூடு என்றால் எவ்வளவு? முதல் வாரம் 35 பாகை செல்சியஸ், அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். நோயாளிக் குஞ்சுக்கு, அது இரண்டு வாரக் குஞ்சாக இருந்தாலும், முதல் வாரச் சூட்டையே திரும்பக் கொடுங்கள். வெப்பமானியைப் பெட்டியின் சுவரில் தொங்கவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை, குஞ்சின் முதுகு உயரத்தில், பல்புக்கு நேர் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது கடைகளில் கிடைக்கிற எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்ப் 40 அல்லது 60 வோட் தேடிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு வளர்ப்புக்கென்று விற்கிற சிவப்பு பல்ப் வாங்குங்கள். பல்பை ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கவிட்டு, மற்றப் பக்கத்தைச் சூடில்லாமல் விடுங்கள். கொழும்பில் இது மிகவும் முக்கியம். கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவர்களுக்குக் குளிர்தான் கவலை, எங்களுக்கு ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில் மூடிய மட்டைப்பெட்டிக்குள் 60 வோட் பல்ப் எரிந்தால் குஞ்சு வெந்தே போகும். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சுக்குரலில் கத்தினால் குளிர். சொண்டைத் திறந்து, செட்டையை விரித்துக்கொண்டு பல்பை விட்டு ஓடி நின்றால் சூடு கூடிவிட்டது. பரவி நின்று மெல்ல முணுமுணுத்தால் சரி.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையும் முன்னறிவிப்பில்லாமல் நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. கண்ணாடிப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குள் படுக்கவைத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் தாங்கும். ஆறியதும் மாற்றுங்கள். பெட்டியின் மேலே பாதியைத் துணியால் மூடுங்கள், முழுவதையும் மூடவேண்டாம்.

இப்போது தண்ணீர். குஞ்சு சூடேறி, கண் திறந்து, தலையைத் தூக்கிய பிறகுதான் இது. குளிர்ந்த குஞ்சுக்கு விழுங்கும் தெம்பு இருக்காது, ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்விடும். பார்மசியில் விற்கிற ஜீவனி என்ற உப்பு-சீனிக் கலவைப் பக்கெட்டை அதில் சொல்லியிருக்கிறபடி ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கைவசம் இல்லாத நேரத்தில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி போட்டாலும் முதல் சில மணித்தியாலத்துக்குப் போதும். இளஞ்சூடாக இருக்கட்டும். ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்சில் எடுத்து, சொண்டின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அவ்வளவுதான். அது தானாக உறிஞ்சி, தொண்டையை அசைத்து விழுங்கும், விழுங்கியதும் அடுத்த துளி. வாயைப் பிளந்து உள்ளே பீய்ச்சக்கூடாது, ஏனென்றால் மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னால் திறந்தபடியே இருக்கிறது. முதலில் பத்துத் துளி, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எழும்பி நின்றதும் சொண்டின் நுனியை மெதுவாகத் தண்ணீரில் முக்கிக் காட்டினால் தானே குடிக்கப் பழகும். இந்த உப்புத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம், கரைத்ததை மறுநாளைக்கு வைத்திருக்கவும் வேண்டாம்.

தண்ணீர்ப் பாத்திரம் எமனாகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஒரு சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரில்கூடக் கினிக்கோழிக் குஞ்சு விழுந்து சாகும். தேத்தண்ணிப் பீரிசில் பிள்ளைகளின் போளைகளை நெருக்கமாகப் பரப்பி, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். போளை இல்லையென்றால் கழுவிய கூழாங்கல். இது சுகமான குஞ்சுக்கும் சேர்த்துத்தான்.

தீன் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குஞ்சு பொரித்து வெளியே வரும்போது வயிற்றுக்குள் மீதி மஞ்சட்கரு இருக்கும், இரண்டு நாள் வரை அது தாங்கும், அதனால் முதல் நாளே தின்னவில்லை என்று பதறத் தேவையில்லை. அதற்குப் பிறகு கினிக்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கைந்து வாரம் 24 முதல் 26 சதவீதம் புரதம் உள்ள தீன் வேண்டும். கடையில் கிடைக்கிற பிராய்லர் ஸ்டார்ட்டரில் சுமார் 21, 22 தான் இருக்கும், முட்டைக்கோழிக் குஞ்சுத் தீனில் அதிலும் குறைவு. குறையை அவித்த முட்டையால் நிரப்பலாம். மஞ்சட்கருவையும் வெள்ளையையும் சேர்த்து, விரலால் உதிர்த்து, தீனின்மேல் தூவுங்கள், ஒரு மணித்தியாலத்தில் மீதியை எடுத்துவிடுங்கள், எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் வைத்தால் கெட்டுவிடும். கறையான் கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நோயாளிக் குஞ்சுகூட அசைகிற கறையானைக் கண்டால் ஒரு கொத்துக் கொத்தும். முட்டையிடும் கோழியின் தீனை மட்டும் குஞ்சுக்கு வைக்காதீர்கள், அதில் உள்ள கல்சியம் சின்னச் சிறுநீரகத்துக்குத் தாங்காது.

அடுத்து வருவதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். பிராய்லர் தீன் பலவற்றில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க முன்கூட்டியே மருந்து கலந்திருப்பார்கள். அவற்றில் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு நல்லது, கினிக்கோழிக்கு நஞ்சு. குதிரைக்கும் கினிக்கோழிக்கும் கொடுக்கக்கூடாது, தின்று செத்திருக்கின்றன என்று அந்த மருந்தின் லேபலிலேயே எழுதியிருக்கிறது. கால் தளர்ந்து, செட்டை தொங்கி, தரையோடு தரையாகப் படுத்துவிடும், பார்க்கிறவருக்கு ஏதோ கொள்ளைநோய் என்றுதான் தோன்றும். கடைக்காரர் "எல்லாம் ஒரே கோழித் தீன்தான் தம்பி" என்பார். நம்ப வேண்டாம். சாக்கில் தைத்திருக்கிற துண்டை வாசியுங்கள், சின்னப் பையில் அளந்து விற்கிற தீனென்றால் பெரிய சாக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஸலினோமைசின், மதுராமைசின் என்று இருந்தாலும் அதே குடும்பம், நான் வாங்கமாட்டேன். தீன் மாற்றிய இரண்டு மூன்று நாளுக்குள் பல குஞ்சுகளுக்கு ஒன்றாகக் கால் விழுந்தால் முதலில் அந்தத் தீனை நிறுத்துங்கள்.

கால் பிரச்சினைகளில் அதிகம் காண்பது கால் அகட்டிப் போவது. இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, குஞ்சு வயிற்றில் படுத்தபடி நீந்துகிற மாதிரி இருக்கும். காரணம் பெரும்பாலும் நீங்கள் விரித்த பத்திரிகைக் கடதாசி, அது வழுக்கும். முதல் வாரம் பழைய பருத்தித் துணியோ சுரசுரப்பான றப்பர் விரிப்போ போடுங்கள். சாக்கும் நல்லதுதான், ஆனால் ஓரத்து நூல் பிரிந்திருந்தால் விரலில் சுற்றி இறுகிவிடும், வெட்டிவிட்டுப் போடுங்கள். அகட்டிய காலைச் சரிசெய்ய, ஒட்டும் பிளாஸ்டரை ஐந்து மில்லிமீற்றர் அகலத்தில் நீளமாக வெட்டி, ஒரு காலின் கணுவுக்குக் கீழே சுற்றி, நடுவில் இரண்டு சென்ரிமீற்றர்போல விட்டு, மற்றக் காலையும் சுற்றி வந்து, பசைப் பக்கத்தோடு பசைப் பக்கம் சேர்த்து ஒட்டுங்கள். கால்கள் உடம்புக்கு நேர் கீழே வரவேண்டும், அதற்கு மேல் நெருக்க வேண்டாம். முதலில் குப்புற விழும், நீங்கள் நிமிர்த்தி நிமிர்த்தி விடவேண்டும், அரை நாளில் பழகிவிடும். பாதம் வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா என்று ஒவ்வொரு நேரமும் பாருங்கள். இரண்டிலிருந்து நான்கு நாளில் கழற்றலாம். பொரித்த முதல் மூன்று நாளுக்குள் கட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும், ஒரு வாரம் கழித்துக் கட்டினால் பலன் குறைவு.

விரல்கள் உள்ளே சுருண்டு, முஷ்டி மாதிரி மடங்கி இருந்தால் அது பி2 விற்றமின் குறைபாடு. பறவைகளுக்கென்று விற்கிற விற்றமின் கரைசலில் பி கொம்ப்ளெக்ஸ் இருக்கும், பக்கெட்டில் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஒரு குஞ்சு மட்டும் கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்தால் ஈ விற்றமின் குறைவாக இருக்கலாம், எண்ணெய் நிரம்பிய ஈ விற்றமின் கப்சூலைக் குத்தி ஒரு துளி, அவித்த முட்டையோடு நாளுக்கு ஒருதரம். ஆனால் இரண்டு மூன்று குஞ்சு ஒரே நேரத்தில் கழுத்தை முறுக்கி, பச்சையாகக் கழிந்து, மூச்சிரைத்தால் அது விற்றமின் விஷயமில்லை, ரானிக்கெட் என்ற கொள்ளைநோயாக இருக்கலாம், அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், வளவிலிருந்து எந்தப் பறவையையும் வெளியே கொண்டுபோக வேண்டாம். கணுமூட்டு வீங்கிக் கால் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால், தசைநாண் மூட்டை விட்டு நழுவியிருக்கும், அதையும் வீட்டில் இழுத்துப் பார்க்காதீர்கள்.

பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துப்போவது இன்னொன்று. சூடு கூடினாலும் வரும், குறைந்தாலும் வரும். அடைத்தால் கழிக்க முடியாமல் ஒரே நாளில் செத்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, அதன்மேல் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்து ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்தெடுங்கள், பிய்க்காதீர்கள். துடைத்த இடத்தைக் காயவைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவினால் திரும்ப ஒட்டாது. ஒரு எச்சரிக்கை: எச்சம் ஒட்டுவது வாலுக்குக் கீழே. அதற்கும் கீழே வயிற்றுப் பக்கத்தில் கறுப்பாகக் காய்ந்த சின்ன முடிச்சு ஒன்று இருக்கும், அது தொப்புள். அதை அழுக்கு என்று நினைத்து இழுத்தால் குடலோடு வரும். தொப்புள் ஈரமாக இருந்தால் தேத்தண்ணி நிறத்துக்குக் கரைத்த அயடினைத் தொட்டு வையுங்கள். வயிறு ஊதி, நீலம்பாரித்து, நாற்றமும் வந்துவிட்டால் அந்தக் குஞ்சு பிழைப்பது அரிது, வதைபடவிடாமல் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து பயப்பட வேண்டியது இரத்தக்கழிச்சல். கூனிக்கொண்டு, கண்ணை மூடி, இறகு சிலுப்பி நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும், சிலதில் தெரியாமலும் இருக்கும். இந்தக் கிருமி எச்சத்தோடு வந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். கொழும்பில் அந்த ஈரமும் சூடும் வருடம் முழுக்க இருக்கிறது. அதனால் உமியோ மரச்சீவலோ நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளி வீசுங்கள், தண்ணீர்ப் பீரிசின் கீழ்ப் பகுதியைக் கட்டாயம். மருந்து அம்புரோலியம், அளவைப் பக்கெட்டைப் பார்த்தோ வைத்தியரைக் கேட்டோ தண்ணீரில் கலக்கலாம், வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. அம்புரோலியம் வேலை செய்வதே அந்தக் கிருமிக்கு பி1 விற்றமின் கிடைக்காமல் தடுத்துத்தான். ஆகவே அந்த நாட்களில் தெம்புக்கென்று பி கொம்ப்ளெக்ஸையும் சேர்த்து ஊற்றினால் மருந்தை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். மருந்து முடிந்த பிறகு விற்றமின் கொடுங்கள்.

சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் பூஞ்சணம் பிடித்த விரிப்பையோ தீனையோ சந்தேகியுங்கள். பூஞ்சணம் நுரையீரலுக்குள் போய்விட்டால் வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை, மற்றக் குஞ்சுகளையாவது காப்பாற்ற எல்லா விரிப்பையும் மாற்றிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தீனை இரண்டு வாரத்துக்கு மேல் போதுமான அளவு வாங்கிவைக்காதீர்கள், புண்ணாக்கில் பூஞ்சணம் மணத்தால் மாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். நிலத்தில் விட்டு, மழைக்குப் பிறகு மண்புழு தின்ற குஞ்சு கழுத்தை நீட்டிக் கொட்டாவி விட்டுத் தலையை உதறினால் மூச்சுக்குழாய்ப் புழுவாக இருக்கலாம், அதற்குப் பூச்சிமருந்து உண்டு, வைத்தியர் எழுதித் தருவார். கண்ணைச் சுற்றிப் பரு மாதிரி வந்தால் அம்மை, நுளம்பு பரப்புவது, இரவில் பெட்டிக்குமேல் நுளம்பு வலை போட்டால் பூனைத் தொல்லையும் கொஞ்சம் குறையும். மரநாய்க்கு வலை மட்டும் போதாது, கம்பி வலையும் வேண்டும்.

நோயாளியைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா? வெறும் பலவீனம், கால் கட்டு என்றால் அதே பெட்டியில் நடுவில் கம்பி வலை வைத்துப் பிரியுங்கள். கினிக்கோழி கூட்டத்துப் பறவை, தனியாக விட்டால் நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தின்னாமலேயே வாடிவிடும். மற்றவையின் சத்தம் கேட்கவேண்டும், முடிந்தால் சாதுவான ஒன்றைத் துணைக்கு விடுங்கள். இரத்தக்கழிச்சல், மூச்சிரைப்பு என்றால் வேறு அறை, வேறு பாத்திரம், சுகமானவற்றைக் கவனித்த பிறகு கடைசியாகத்தான் நோயாளியிடம் போகவேண்டும். அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி வைத்தால் தன் உருவத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அழுகை பாதியாகக் குறையும்.

தேறியதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்யாமல் சமையலறைத் தராசில் காலையில் தினமும் நிறுத்துப் பாருங்கள். நாளுக்கு ஒரு கிராம் ஏறினாலும் நல்ல சேதி, இரண்டு நாள் இறங்கினால் எதையோ தவறவிடுகிறோம். தானாகத் தின்று, ஏறிக்கொண்டே போனால் மற்றவற்றோடு அந்தி நேரத்தில், விளக்கு மங்கலாக இருக்கும்போது சேருங்கள், அடுத்த நாள் காலை கட்டாயம் பக்கத்தில் இருந்து கவனியுங்கள், திரும்பி வந்ததைக் கொத்துவார்கள். முதுகும் நெஞ்சும் முழுதாக இறகு மூடும்வரை, அதாவது ஆறு வாரம்போல, மழையில் விட வேண்டாம்.

செத்துப்போனால், அதுவும் ஒன்றுக்கு மேல் செத்தால், உடனே புதைத்துவிடாதீர்கள். இரண்டு பைக்குள் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருளிலிருந்து தள்ளி வையுங்கள், உறையவிட வேண்டாம், உறைந்தால் உள்ளுறுப்பைப் பார்த்துக் காரணம் சொல்வது கஷ்டம். அன்றோ மறுநாளோ உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். கூடவே தீன் சாக்கில் இருந்த துண்டின் படத்தையும், கடைசியாகப் போட்ட எச்சத்தைக் கொஞ்சம் ஒரு சின்னப் போத்தலிலும் எடுத்துப்போங்கள், மீதிக் குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பது என்று அவர்கள் முடிவெடுக்க அது உதவும். பழைய பெட்டியை எரித்துவிட்டுப் புதிய பெட்டி போடுங்கள், மட்டைப்பெட்டி எந்தக் கடையிலும் சும்மா கிடைக்கும்.